பூங்கா வாசலில் நிற்கும் ஊர்களுக்கும் ஒரு திட்டம் வேண்டும்

சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம், கும்டா என்று நாங்கள் சுருக்கிச் சொல்லும் ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம், சுற்றுலாத் துறை, செங்கல்பட்டு மாவட்ட நிர்வாகம் ஆகியவற்றில் பொறுப்பிலிருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

கேளம்பாக்கத்தைத் தாண்டி தையூர்ப் பக்கம் குடியிருக்கும் ஒருத்தி இதை எழுதுகிறேன். நான்கு அலுவலகங்களுக்கும் சேர்த்து எழுதக் காரணம், நான் கேட்கப்போவது எந்த ஒரு அலுவலகத்தாலும் தனியாக முடிகிற காரியமில்லை. ஒருவரிடம் போனால் அடுத்தவரைக் கைகாட்டிவிடுவார்கள் என்ற கவலையும் உண்டு. அதனால் எல்லோர் முன்னாலும் ஒரே நேரத்தில் வைக்கிறேன்.

2025 டிசம்பரில் திருப்போரூர் அருகே இள்ளலூரில் வொண்டர்லா பொழுதுபோக்குப் பூங்கா திறந்தது. 64 ஏக்கர், 611 கோடி ரூபாய் முதலீடு, 43 சவாரிகள், ஒரு நாளைக்கு 6,500 பேர் வரை வந்துபோகலாம் என்று சொன்னார்கள். இருக்கைகள் தண்டவாளத்துக்கு அடியில் தொங்கியபடி பாயும் 'தஞ்சோரா' ரோலர் கோஸ்டரைப் பற்றி எங்கள் தெருப் பிள்ளைகள் திறப்பதற்கு முன்பே பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஈஞ்சம்பாக்கத்தில் விஜிபி, முட்டுக்காட்டில் எம்ஜிஎம், பெங்களூர் நெடுஞ்சாலையில் பழஞ்சூரில் குயின்ஸ்லேண்ட் என்று ஏற்கெனவே இருப்பவற்றோடு இதையும் சேர்த்தால், பூங்காக்களைப் பார்ப்பதற்கென்றே வெளியூர்க்காரர்கள் கிளம்பி வரும் நகரமாகச் சென்னை ஆகிவருகிறது. கூடவே முதலைப் பண்ணை, தட்சிணசித்ரா, கோவளம் கடற்கரை, மாமல்லபுரம் எல்லாம் இதே தெற்குப் பக்கத்தில்தான். எனக்கு இதில் மகிழ்ச்சிதான். பிள்ளைகள் வாய்விட்டுக் கத்திச் சிரிக்க ஓர் இடம் வேண்டும். தாத்தா பாட்டியோடு ஒரு குடும்பம் முழுநாளும் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வர ஓர் இடம் வேண்டும். பூங்காவே வேண்டாம் என்று சொல்லும் மடல் இல்லை இது.

என் கோரிக்கை ஒன்றுதான். அடுத்த பூங்காவுக்கு வாசல் திறப்பதற்கு முன், பூங்காக்களைச் சுற்றி வாழ்கிற, அவற்றில் வேலை செய்கிற, பேருந்தில் அவற்றுக்கு வருகிற மக்களையும் திட்டத்துக்குள் வையுங்கள். இப்போதே எழுதக் காரணமும் இருக்கிறது. 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னைப் பெருநகரப் பகுதி 2022 அக்டோபரில் 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டது. மூன்றாவது முழுமைத் திட்டம் தயாராகிக்கொண்டிருக்கிறது. இருபது ஆண்டுகளுக்கு எது எங்கே வரும் என்பது காகிதத்தில் ஏறும் காலம் இது. காகிதத்தில் ஏறிய பிறகு மனு கொடுத்து என்ன பயன்?

நான் இதைச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. கணவரின் வேலைக்காகச் சில ஆண்டுகள் அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் இருந்தோம். தீம் பார்க் நகரம் என்றால் உலகமே கைகாட்டுவது அந்த ஊரைத்தான். ஆரஞ்சுத் தோட்டங்களும் ஏரிகளுமாக இருந்த பகுதி. 1960-களில் டிஸ்னி நிறுவனம் வேறு வேறு கம்பெனிப் பெயர்களில், யார் வாங்குகிறார்கள் என்பதே வெளியில் தெரியாமல், சுமார் 27,000 ஏக்கர் நிலத்தை அங்கே வாங்கியது. 1971 அக்டோபர் 1-ஆம் தேதி முதல் பூங்கா திறந்தது. 1973-இல் சீவேர்ல்டு, 1982-இல் எப்காட், 1990-இல் யுனிவர்சல் என்று அடுத்தடுத்து வந்துகொண்டே இருந்தன. 2025 மே மாதத்தில் யுனிவர்சலின் எபிக் யுனிவர்ஸும் திறந்துவிட்டது. நகர எல்லைக்குள் குடியிருப்பவர்கள் மூன்று லட்சத்துச் சொச்சம் பேர். அந்த வட்டாரத்துக்கு ஆண்டுக்கு வந்துபோகிறவர்கள் ஏழு கோடிக்கும் மேல்.

அங்கே குடியிருப்பது எப்படி இருக்கும் என்று இங்கே பலர் ஆசையாகக் கேட்பார்கள். நல்ல ஊர், உண்மையாகவே நல்ல ஊர். ராத்திரி பூங்காவில் வாணவேடிக்கை வெடிக்கும் சத்தம் பல மைல் தள்ளியும் கேட்கும். உள்ளூர்க்காரர்களுக்கென்று தனியாகச் சலுகைக் கட்டணம் உண்டு. கோடையில் தினமும் மத்தியானத்துக்கு மேல் இடிமழை வரும். மின்னல் தெரிந்தால் திறந்தவெளிச் சவாரிகளை உடனே நிறுத்திவிடுவார்கள், யாரும் முகம் சுளிப்பதில்லை. ஆனால் அந்த ஊர்க்காரர்கள் தங்கள் ஊர் என்று மனதில் வைத்திருப்பது பூங்காக்களை அல்ல. ஊர் நடுவே லேக் இயோலா என்றொரு ஏரி. சுற்றிவர நடைபாதை, அன்னப்படகுகள், மரத்தடி பெஞ்சுகள், நுழைவுக் கட்டணமில்லை. ஞாயிற்றுக்கிழமை அங்கேதான் எங்களைப் போன்றவர்கள் இருப்போம். விலை கொடுத்து நுழையும் இடம் எத்தனை வந்தாலும், விலையில்லாமல் உட்காரும் இடம் இருந்தால்தான் ஒரு ஊரில் குடியிருக்க முடியும் என்று எனக்குப் பட்டது அங்கேதான்.

அந்த ஊரில் என்னை வருத்தியது போக்குவரத்து. கார் இல்லாதவருக்கு அது மிகக் கடினமான ஊர். பூங்காக்களின் ஓரமாகப் போகும் ஐ-4 நெடுஞ்சாலையை அகலப்படுத்த 200 கோடி டாலருக்கு மேல் செலவழித்தார்கள். நெரிசல் போகவில்லை. 2014-இல் சன்ரெயில் என்று புறநகர் ரயில் தொடங்கினார்கள். அது விமான நிலையத்துக்குப் போகாது, டிஸ்னிக்குப் போகாது, ஹோட்டல்கள் வரிசையாக நிற்கும் இண்டர்நேஷனல் டிரைவுக்கும் போகாது, சனி ஞாயிறில் ஓடவும் ஓடாது. ஊரே வார இறுதியில் வேலை செய்கிறது, ரயில் வார இறுதியில் தூங்குகிறது. நகரப் பேருந்து நிறுவனமான லின்க்ஸிடம் மூன்று கவுண்டிகளுக்கும் (நம் மாவட்டம் போன்றவை) சேர்த்து 300 பேருந்துகள் அளவில்தான் உண்டு. பூங்காவில் தட்டு கழுவுகிறவர், ஹோட்டல் அறையில் படுக்கை விரிக்கிறவர், சவாரியில் பெல்ட் மாட்டிவிடுகிறவர் எல்லோரும் அந்தப் பேருந்தை நம்பித்தான் இருந்தார்கள். ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்கு அரை மணி, சில தடங்களில் ஒரு மணி நேரம் வெயிலில் நிற்க வேண்டும்.

பூங்கா நிறுவனங்களும் பேருந்து விடத்தான் செய்தன. டிஸ்னி தன் விருந்தினர்களுக்குத் தன் எல்லைக்குள் நூற்றுக்கணக்கான பேருந்துகளை இலவசமாக ஓட்டுகிறது. விமான நிலையத்திலிருந்து நேராக ஹோட்டல் வாசலுக்கு ஓர் இலவசப் பேருந்தும் பல ஆண்டுகள் ஓடியது. 2022 தொடக்கத்தில் அதை நிறுத்திவிட்டார்கள். அவர்கள் பேருந்து, அவர்கள் முடிவு. யாரும் கேள்வி கேட்க முடியாது. இதை இங்கே அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பூங்காவுக்குப் போக்குவரத்து என்றதும் நம் அலுவலகங்களில் முதலில் வரும் யோசனை 'சிறப்புப் பேருந்து' என்பதாகவே இருக்கிறது.

சிறப்புப் பேருந்து வேண்டாம் என்று சொல்லவில்லை. காணும் பொங்கலன்று வண்டலூருக்கும் மாமல்லபுரத்துக்கும் மெரினாவுக்கும் மாநகரப் போக்குவரத்துக் கழகம் சிறப்புப் பேருந்துகள் விட்டு அந்தக் கூட்டத்தை ஏற்றி இறக்குவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அந்தத் திறமை உங்களிடம் இருக்கிறது. ஆனால் பூங்கா என்பது வருஷத்துக்கு ஒரு நாள் வரும் கூட்டமில்லை. தினமும் காலையில் ஆயிரக்கணக்கானோர் உள்ளே போய், சாயங்காலம் ஒரே நேரத்தில் வெளியே வருவார்கள். அவர்களோடு நூற்றுக்கணக்கான ஊழியர்களும் வர வேண்டும். ஊழியர்கள் பார்வையாளர்களுக்கு முன்னால் வந்து, எல்லோரும் போன பிறகு கிளம்புகிறவர்கள். நகரத்திலிருந்து பத்து மணிக்கு வந்து ஆறு மணிக்குத் திரும்பும் சிறப்புப் பேருந்து அவர்களுக்கு உதவாது. வழியில் எந்தக் கிராமத்திலும் நிற்காத வண்டியால் கிராமத்துக்கும் பயனில்லை.

வேண்டியது வழக்கமான தடம். பூங்காவை ஒரு நிறுத்தமாக வைத்துக்கொண்டு, ஊர்களின் வழியாக, விடியற்காலை முதல் இரவு வரை, பூங்கா விடுமுறை விட்டாலும் ஓடுகிற தடம். மூன்று பக்கத்திலிருந்து இது வர வேண்டும் என்று நினைக்கிறேன். மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் மூன்றாம் வழித்தடம் மாதவரத்திலிருந்து 45 கிலோமீட்டர் வந்து சிறுசேரி சிப்காட்டில் முடியும்படி கட்டப்படுகிறது. இள்ளலூர் அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குக் குறையாமல் தெற்கே. மெட்ரோ வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம், சிறுசேரியில் இறங்கும் குடும்பத்துக்கு அதற்கு மேல் என்ன என்பதுதான் கேள்வி. இரண்டாவது, கிளாம்பாக்கம். தென் மாவட்டங்களிலிருந்து வரும் பேருந்துகள் 2023 டிசம்பர் இறுதியில் திறந்த அந்த முனையத்தில்தான் நிற்கின்றன. விழுப்புரத்திலிருந்தோ திருச்சியிலிருந்தோ பிள்ளைகளோடு வருகிறவர்கள் அங்கேதான் இறங்குவார்கள். வண்டலூர் கேளம்பாக்கம் சாலை வழியாக அங்கிருந்து தொடர்ச்சியான வண்டி வேண்டும். மூன்றாவது, செங்கல்பட்டு ரயில் நிலையம். புறநகர் ரயிலில் பத்து இருபது ரூபாயில் அங்கே வந்துவிடலாம். திருப்போரூருக்கு வர அதற்கப்புறம்தான் பாடு.

வண்டலூர் உயிரியல் பூங்காவை யோசித்துப் பாருங்கள். 602 ஹெக்டேர், 1985-இல் திறந்தது, அப்போது நகரத்துக்கு வெகு தூரம். ஆனால் வண்டலூரில் ரயில் நிலையம் இருந்தது, ஜிஎஸ்டி சாலையில் பேருந்து இருந்தது. அதனால் பூ விற்கிற அம்மா தன் பேரனைக் கூட்டிக்கொண்டு புலி பார்க்கப் போக முடிந்தது. வியாசர்பாடியிலிருந்து ஒரு குடும்பம் தூக்குவாளியில் புளியோதரையோடு ரயிலேறிப் போய்விட்டு அதே ரயிலில் வந்துவிட முடிந்தது. இன்றும் முடிகிறது. ஓர் இடம் எல்லோருக்குமானதாக ஆவது அதன் கட்டணத்தால் மட்டுமில்லை, அதற்குப் போகிற வழியாலும்தான். நீர்ச் சவாரிப் பூங்காவுக்குத் தலைக்கு ஆயிரம் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் சேர்த்துவைத்து வருகிற குடும்பம், போக வர வாடகைக் காருக்கு இன்னும் இரண்டாயிரம் மூவாயிரம் தேட வேண்டியிருந்தால் அந்த ஆசையை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவிடும்.

2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமில்லாமல் போகலாம் என்று ஆனது. அதன் பலனை எங்கள் பக்கத்தில் கண்ணால் பார்க்கிறேன். தையூரிலிருந்தும் மானாமதியிலிருந்தும் பெண்கள் சிறுசேரிக்கும் சோழிங்கநல்லூருக்கும் துப்புரவு வேலைக்கும் கேன்டீன் வேலைக்கும் போகிறார்கள். சம்பளத்தில் பஸ்ஸுக்கு என்று தனியாக எடுத்துவைக்க வேண்டியதில்லை. பூங்காக்களிலும் இவர்கள் வேலைக்குப் போவார்கள், போகிறார்கள். ஆனால் ஒரு பெண் இரவு எட்டு மணிக்கு மேல் பூங்கா வாசலிலிருந்து வீட்டுக்கு வரும் வழியை யார் யோசித்தார்கள்? கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று எழுதிய ஒரு பலகை நிறுத்தத்தில் இருக்கிறதா? விளக்கு இருக்கிறதா? ஷேர் ஆட்டோ ஆள் நிரம்பும் வரை நகராது. ஆள் குறைந்தால் கூடுதல் காசு கேட்பார்கள், ராத்திரியில் அவர்களையும் குறை சொல்ல முடியாது. தெரிந்த ஒரு பெண் நல்ல வேலையொன்றை இந்த ஒரு காரணத்துக்காகவே விட்டாள். கெட்டிக்காரி, மேலாளரே போக வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட பெண். கடைசி வண்டி இல்லாததால் அவளுக்குப் போனது ஒரு மாத வருமானம் மட்டுமா? வீட்டில் அவள் சொல்லுக்கு இருந்த மதிப்பும் சேர்ந்து போனது. இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது, மறைக்க விரும்பவில்லை.

கும்டாவிடம் 'சென்னை ஒன்று' செயலி இருக்கிறது. 2025 செப்டம்பரில் வந்தது. பேருந்து, புறநகர் ரயில், மெட்ரோ மூன்றுக்கும் ஒரே சீட்டு எடுக்கலாம். அருமையான வேலை. பூங்கா நுழைவுச் சீட்டோடு அன்றைய பேருந்துப் பயணத்தையும் சேர்த்துக் கொடுங்கள், அந்தப் பணத்தைப் பூங்காவிடமிருந்து வாங்கிப் போக்குவரத்துக் கழகத்துக்குக் கொடுங்கள். கார் நிறுத்த இத்தனை இடம் வேண்டும் என்று கட்டுமான விதிகளில் கேட்கிறோம். பேருந்து நிறுத்த, நிழற்குடை கட்ட, நடந்து சாலையைக் கடக்க இத்தனை இடம் வேண்டும் என்றும் அனுமதி கொடுக்கும்போதே கேட்கலாம். கிழக்குக் கடற்கரைச் சாலையான ஈசிஆரில் பூங்கா வாசல்களில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சாலையைக் கடக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரு வாகனமும் வேகம் குறைப்பதில்லை.

அடுத்தது பணம். இதையும் ஆர்லாண்டோவிலிருந்தே சொல்கிறேன். அந்த நகரம் இருக்கும் ஆரஞ்சு கவுண்டியில் ஹோட்டல் அறை வாடகை மேல் 6 சதவீதம் சுற்றுலா வரி. ஆண்டுக்கு 35 கோடி டாலருக்கு மேல் வருகிறது. ஆனால் மாநிலச் சட்டப்படி அந்தப் பணத்தைச் சுற்றுலாவை வளர்க்கும் காரியங்களுக்குத்தான் பெரும்பாலும் செலவிட முடியும். மாநாட்டு மையம், விளையாட்டு அரங்கம், வெளியூரில் விளம்பரம். சுற்றுலாப் பயணிகளால் நிரம்பும் சாலைக்கும், அவர்களுக்குப் பரிமாறுகிறவர் ஏறும் பேருந்துக்கும் அதிலிருந்து எடுப்பது பெரும்பாடு. 2022 நவம்பரில், போக்குவரத்துக்காக விற்பனை வரியைக் கொஞ்சம் கூட்டலாமா என்று மக்களிடம் வாக்குக் கேட்டார்கள். மக்கள் மறுத்துவிட்டார்கள். விருந்தாளி கொடுத்த காசு விளம்பரத்துக்குப் போகிறது, பஸ்ஸுக்கு மட்டும் எங்கள் சட்டைப்பையா என்று அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் பேருந்தும் வரவில்லை.

நம் பக்கம் என்ன நிலைமை? பூங்கா நுழைவுச் சீட்டுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. 2018 வரை 28 ஆக இருந்து குறைந்தது. அது ஒன்றியத்துக்கும் மாநிலத்துக்கும் போகிறது. ஊராட்சிக்கு நேரடியாக வரக்கூடியது உள்ளாட்சிகளின் கேளிக்கை வரிதான், அதற்கென்று 2017-இல் சட்டம் வந்தது. திருப்போரூர்ப் பூங்காத் திட்டம் அந்த வரியில் விலக்குக் கேட்டுத்தான் சில ஆண்டுகள் காத்திருந்தது. குறிப்பிட்ட காலத்துக்கு விலக்கும் கிடைத்தது. முதலீடு வர வேண்டும், வேலை வர வேண்டும் என்று அரசு அப்படி முடிவெடுத்ததை நான் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் விட்டுக்கொடுத்தது யாருடைய வரி? ஊராட்சியின் வரி. ஊராட்சியிடம் இதற்கு ஈடாக என்ன வந்தது? குப்பை அள்ளும் வண்டி, தெருவிளக்கு, வடிகால் இதெல்லாம் கூட்டம் வந்தால் கூடும் செலவுகள். விலக்கு கொடுத்தது அரசு என்றால், அந்த அளவு பணத்தை மாநிலத்தின் ஜிஎஸ்டி பங்கிலிருந்து சுற்றியுள்ள ஊராட்சிகளுக்கும் திருப்போரூர் பேரூராட்சிக்கும் அரசே கொடுக்க வேண்டும். விலக்குக் காலம் முடிந்து வரி வரத் தொடங்கும்போது, அது எதற்குச் செலவாகும் என்பதை இன்றே எழுதிவையுங்கள். முதல் வரியில் பேருந்து என்று எழுதுங்கள். நம்மிடம் கைகளைக் கட்டும் சட்டம் இன்னும் வரவில்லை, அது பெரிய வாய்ப்பு.

வீட்டு வாடகையைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆர்லாண்டோவுக்குத் தெற்கே கிசிம்மி என்ற ஊர்ப் பக்கம் 192-ஆம் எண் நெடுஞ்சாலையில், சுற்றுலாப் பயணிகளுக்காகக் கட்டிய மலிவு மோட்டல்களில் முழுக் குடும்பங்கள் மாதக்கணக்கில் வாழ்கின்றன. ஒரே அறையில் சமையல், படுக்கை, பிள்ளைகளின் வீட்டுப்பாடம். அவர்களில் பூங்காக்களிலும் ஹோட்டல்களிலும் வேலை செய்கிறவர்கள் உண்டு. பிரச்சினை முற்றிய பிறகு யுனிவர்சல் நிறுவனம் 20 ஏக்கர் கொடுத்து 1,000 வீடுகள் கட்டும் திட்டத்துக்கு வழிசெய்தது. எங்கள் பக்கம் நிலத்தின் விலை ஏறும் வேகத்தைப் பார்த்தால், பூங்காவில் வேலை செய்கிற பையன் பூங்காவிலிருந்து இருபது கிலோமீட்டருக்குள் வாடகைக்கு ஓர் அறை எடுக்க முடியாமல் போகும் நாள் தூரத்தில் இல்லை. முழுமைத் திட்டத்தில் தொழிலாளர் குடியிருப்புக்கு இடம் ஒதுக்குங்கள். முற்றும் வரை காத்திருக்க வேண்டாம்.

தண்ணீர். 2019 கோடையை யாரும் மறந்திருக்க முடியாது. பழைய மாமல்லபுரம் சாலையான ஓஎம்ஆர் முழுக்க டேங்கர் லாரிகள் ஓடின. அடுக்ககங்களில் குளிக்கவும் சமைக்கவும் முறை வைத்தோம். கிராமங்களின் கிணறுகளிலிருந்தும் ஆழ்துளைக் கிணறுகளிலிருந்தும்தான் அந்த லாரிகள் நிரம்பின. நெம்மேலியில் 2013-இல் ஒரு நாளைக்கு 100 மில்லியன் லிட்டரும், 2024-இல் இன்னொரு 150 மில்லியன் லிட்டரும் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் வந்துவிட்டன. அந்த நீர் பெரும்பாலும் மாநகரத்துக்குப் போகிறது, எங்கள் பக்கத்துக் கிராமங்கள் இன்னும் போர்வெல்லையும் கேன் தண்ணீரையும் பார்த்துக்கொண்டிருக்கின்றன. நீர்ப் பூங்காக்கள் ஒரே நீரை வடிகட்டித் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகின்றன, ஆகவே வெளியில் நினைப்பது போல் தினமும் புது நீர் ஊற்றுவதில்லை. இருந்தாலும் வெயிலில் ஆவியாவதும், ஆயிரக்கணக்கானோர் குளிப்பதும், கழிவறையும், சமையலும், புல்வெளியும் சேர்ந்து தேவை பெரியதுதான். ஆர்லாண்டோவில் 1986 முதல் கழிவுநீரைச் சுத்திகரித்துத் தோட்டங்களுக்குப் பாய்ச்சவும் மண்ணுக்குள் இறக்கவும் ஒரு திட்டம் நடக்கிறது, நிலத்தடி நீரை அவர்கள் அப்படித்தான் காப்பாற்றுகிறார்கள். இங்கே நான் கேட்பது சின்ன விஷயம். ஒவ்வொரு பூங்காவும் எங்கிருந்து, மாதத்துக்கு எவ்வளவு எடுக்கிறது, எவ்வளவு திரும்ப மண்ணுக்குக் கொடுக்கிறது என்ற கணக்கு ஊராட்சி அலுவலகச் சுவரில் தமிழில் ஒட்டப்பட வேண்டும். கோடையில் கிராமத்துக் கிணறு இறங்கினால் பூங்காவின் அளவும் குறைய வேண்டும் என்று அனுமதியிலேயே எழுத வேண்டும்.

பாதுகாப்பைப் பற்றிப் பேசாமல் முடிக்க முடியாது. 2016 மே மாதம் தாம்பரம் அருகே ஒரு பூங்காவில் புது ராட்டினத்தைச் சோதித்துப் பார்க்கும்போது அது சரிந்து ஊழியர் ஒருவர் இறந்தார், பலர் காயமடைந்தார்கள். இறந்தவர் பார்வையாளர் இல்லை, சோதனைக்காக ஏறிய தொழிலாளி. 2025 மே மாதம் ஈசிஆரில் ஒரு சவாரி அந்தரத்தில் நின்றுவிட்டது. குழந்தைகள் உட்பட முப்பது பேரளவில் பல மணி நேரம் மேலேயே இருந்தார்கள். தீயணைப்புத் துறையின் உயர ஏணி வண்டி வந்து இறக்கியது. இறக்கிய வீரர்களுக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும். ஆனால் அந்தச் சவாரியைக் கடைசியாக யார், எந்தத் தேதியில் சோதித்தார்கள் என்று சீட்டு வாங்கிய தாய்க்குத் தெரிய வழி இருந்ததா?

ஃபுளோரிடாவில் ஆயிரம் ஊழியர்களுக்கு மேல் உள்ள பெரிய பூங்காக்கள் மாநில ஆய்வாளர்களின் சோதனைக்கு உட்பட்டவையல்ல, சொந்த ஆய்வாளர்களை வைத்துக்கொள்கின்றன. அது எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்த பெரிய காயங்களின் பட்டியலை மாநிலத்துக்குக் கொடுக்கிறார்கள், அதைப் பத்திரிகைகள் வெளியிடுகின்றன. 2022 மார்ச்சில் ஆர்லாண்டோவில் ஒரு கோபுரச் சவாரியிலிருந்து 14 வயதுச் சிறுவன் விழுந்து இறந்தான். இருக்கைப் பூட்டின் சென்சாரைக் கையால் மாற்றி அமைத்திருந்தது விசாரணையில் தெரிந்தது. அடுத்த ஆண்டே சட்டத்தைத் திருத்தினார்கள். நம் மாவட்டத்தில் ஒவ்வொரு சவாரியின் முன்னாலும் கடைசிச் சோதனைத் தேதி, சோதித்த அதிகாரியின் பதவி, அடுத்த சோதனைத் தேதி மூன்றையும் பெரிய எழுத்தில் தமிழில் எழுதிவைக்க எந்தச் செலவும் இல்லை. விபத்துப் பட்டியலை மாவட்ட நிர்வாகம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிடலாம். நன்றாக நடத்தும் பூங்காக்களுக்கு அது நற்பெயர்தான் தரும்.

இன்னொன்று. அரசுப் பள்ளிப் பிள்ளைகள். பூங்கா வேலிக்கு வெளியே நின்று ரோலர் கோஸ்டர் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகள் எங்கள் பக்கத்தில் உண்டு. உள்ளூர்க்காரர்களுக்குச் சலுகைக் கட்டணமும், திருப்போரூர் ஊராட்சி ஒன்றியத்தின் அரசுப் பள்ளிகளுக்குப் பூங்காவுக்குள் வர ஆண்டுக்கு ஒரு வேலைநாளும் அனுமதியின் நிபந்தனையாக இருக்கட்டும். அதோடு, முட்டுக்காட்டு உப்பங்கழிக் கரையிலோ திருப்போரூர் ஏரிக்கரையிலோ கட்டணமில்லாத ஒரு பொதுப் பூங்காவைத் தாருங்கள். ஊஞ்சல், சறுக்குமரம், நடைபாதை, கழிவறை, குடிநீர் இருந்தால் போதும். கோவளம் கடற்கரை 2021-இல் சுத்தமான கடற்கரைகளுக்குத் தரப்படும் நீலக்கொடித் தகுதி பெற்றபோது அதை எவ்வளவு சுத்தமாக வைக்க முடியும் என்று பார்த்தோம். அந்த அக்கறையைப் பரப்பினால் போதும்.

திட்ட வரைவு வந்த பிறகு ஆட்சேபணை தெரிவிக்க நாள் கொடுப்பது வழக்கம். எங்களுக்கு அது போதாது. வரைவு முடிவாகும் முன் திருப்போரூரில் ஒரு கூட்டம் நடத்துங்கள். எழும்பூரில் வேண்டாம், திருப்போரூரில். வேலைநாளின் காலை பதினொரு மணிக்கு வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வையுங்கள், அப்போதுதான் ஆறு நாள் வேலை செய்கிறவர்களும் வர முடியும். வரைபடத்தைத் தமிழில் மாட்டுங்கள். நான்கு அலுவலகங்களிலிருந்தும் முடிவெடுக்கக்கூடிய ஒருவர் மேடையில் இருக்கட்டும், அப்போது ஒருவர் மற்றவரைக் கைகாட்ட வேண்டி வராது. பூங்கா நிறுவனங்களையும் கூப்பிடுங்கள், அவர்கள் சொல்வதையும் கேட்க விரும்புகிறோம். ஊராட்சித் தலைவர்கள், ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர்கள், பூங்காவில் வேலை செய்யும் பெண்கள், மகளிர் குழுக்கள் எல்லோரையும் அழைத்துவரும் வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போக இரவு ஒன்பது மணிக்கு மானாமதிப் பக்கமும் இள்ளலூர்ப் பக்கமும் ஒரு பேருந்து வேண்டும், அதை மட்டும் நீங்கள் ஏற்பாடு செய்துவிடுங்கள்.

நன்றியுடனும் நம்பிக்கையுடனும்,
தையூரில் குடியிருப்பவள்